செவென் மலைநாட்டுச் சரளைப் பாதைகள்

சைக்கிளேறிப் பிரயாணஞ் செய்வோருள் விரைவை நாடுவோர் ஒரு சாரார். வழியை நாடுவோர் மற்றொரு சாரார். முன்னவர்க்குச் சீரிய தார்ச்சாலை இன்றியமையாதது. பின்னவர்க்கோ தார்ச்சாலை முடியுமிடத்திலேதான் பிரயாணம் தொடங்குகின்றது. இப்பின்னவர் மேற்கொள்ளும் சரளைப்பாதைச் சவாரிக்குப் பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலுள்ள செவென் மலைநாடு மிகவும் ஏற்ற இடமாகும். அம்மலைவழிகளை அமைத்தவர் யாவர், அவை இன்று ஆளரவமின்றிக் கிடப்பது எதனால், அவற்றிற் செல்லும் சைக்கிள் எத்தகையது என்பனவற்றை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பிரான்சில் மோட்டார் வண்டிகள் கடுகிச் செல்லும் பெருஞ்சாலைகள் சுமார் 12,000 கிலோமீட்டரே. மாவட்டச் சாலைகளும் சிற்றூர்ச் சாலைகளுமோ சேர்ந்து பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேற்படும். இவற்றிற்கும் கீழாகக் கற்பாவாத நாட்டுவழிகள் உள. செவெனில் இவற்றுள் யாவற்றினும் பழையவை ஆட்டுமந்தைகள் சென்று தேய்ந்த அகன்ற தடங்கள். 'திராய்' என்பது அவற்றின் பெயர். கோடை தொடங்கும் ஜூன் மாதத்தில் சமவெளியின் மந்தைகளை இவற்றின் வழியே மலைமேய்ச்சலுக்கு ஏற்றிச் செல்வர். மந்தைகள் மலைமுகட்டையே பற்றிச் செல்லுதலால் இத்தடங்களும் பள்ளத்தாக்குகளை விட்டு விலகி உயர்ந்தே ஓடும். சைக்கிளில் செல்வோர்க்கு ஏறுதல் பெரும்பாடு. ஏறிய பின்னர்க் காட்சியோ இருபுறமும் தடையின்றிக் கிடைக்கும்.

வேறு சில வழிகளின் வரலாறு அத்துணை அமைதியானதன்று. 1685-ல் பதினான்காம் லூயி மன்னன், புராட்டஸ்டாண்டு மதத்தினர்க்கு முன்னர் அளிக்கப்பட்டிருந்த உரிமைச் சாசனத்தை அழித்தபோது, செவென் மக்களிற் பெரும்பாலோர் அம்மதத்தினராய் இருந்தனர். அவர்களை அடக்குவதற்குப் படையும் தளவாடமும் மலைக்குள் செல்லவேண்டுமே! ஆகவே லாங்குதோக் மாகாணத்தில் அரசன் பிரதிநிதியாயிருந்த பாவில் என்பவர் மலைமுகடுகளில் பாதைகளை வெட்டுவித்தார். 1702 முதல் 1704 வரை கமிசார் எனப்பட்ட குடியானவர் நடத்திய போரில் அவ்வழிகளிற் படைகள் ஏறி இறங்கின. இன்று மாலைவெயிலில் அவ்வழியே செல்வோர், இஃது உல்லாசத்திற்கென வகுக்கப்பட்ட வழியன்று என்பதை அறிந்திருத்தல் நன்று. சிற்றூர்களை இணைக்கும் வழிகளோ பெரும்பாலும் 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன். ஊரார் ஆண்டுதோறும் மூன்று நாள்வரை வழிவேலை செய்யவேண்டும், இன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என்று அச்சட்டம் இடங்கொடுத்தது.

இனி, இவ்வழிகளின் அமைதியைப்பற்றி ஒரு வார்த்தை. இதனைப் புகழாதார் இலர். இதன் விலையை எண்ணுவோர் சிலரே. செவெனின் பெரும்பகுதியை உட்கொண்ட லோசேர் மாவட்டத்தில் 1851-ல் ஏறக்குறைய 1,44,000 பேர் வாழ்ந்தனர். இன்று சுமார் 76,000 பேரே உளர். பிரான்சிலேயே மக்கட்டொகை மிகக் குறைந்த மாவட்டம் இதுவே. மலைச்சரிவிற் கல்லடுக்கிப் படிப்படியாக நிலம் திருத்தி, முசுக்கொட்டை வளர்த்துப் பட்டுப்புழுவால் பிழைத்தவர் அம்மக்கள். கஷ்கொட்டையே அவர்களுக்குச் சோறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புழுக்களை ஒரு கொள்ளைநோய் பற்றியது. பாஸ்டர் என்னும் விஞ்ஞானி 1865 முதல் சில ஆண்டுகள் ஆலெஸ் நகரில் தங்கி ஆராய்ந்து, நோயற்ற முட்டைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பிரித்தெடுக்கும் முறையைக் காட்டினார். எனினும் கீழ்நாட்டுப் பட்டு மலிந்து வந்தமையாற் பழைய வளம் மீளவில்லை. இளைஞர் நகரங்களுக்கு இறங்கினர். 1914-ல் மூண்ட போருக்குச் சென்றோருட் பலர் திரும்பவேயில்லை. இடிந்த கற்படிகளும் கூரையற்ற வீடுகளும் வழிநெடுகக் காணப்படுவது இதனாலேயே.

சைக்கிளின் அமைப்பிற்கு வருவோம். மெல்லிய, இறுகக் காற்றடித்த டயர் ஒரு கல்லின்மேல் ஏறும்போது வண்டியும் ஆளும் அக்கல்லின் உயரத்திற்குத் தூக்கப்படுகின்றனர். ஒவ்வொரு கல்லிலும் இவ்வாறு தூக்கப்படுதலால் முன்செல்லும் வலிமை வீணாகின்றது. 40 மில்லிமீட்டர் அளவு அகன்று, காற்றும் அளவாக உள்ள டயரோ கல்லைத் தனக்குள் அமிழ்த்திக்கொண்டு உருளும். ஆகவே கரடான வழியில் அகன்ற டயரே விரைவானது. ஏற்றத்திற்கு உதவுவது பல்சக்கர விகிதம். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உடைய சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் செல்லும். முன்னும் பின்னும் 40 பல்லாயின் 2.2 மீட்டரே செல்லும். செல்லுந்தூரம் குறையவே மிதிக்கும் பாரமும் குறைகின்றது.

ஏற்றத்திற்கு ஒன்றும் சமவெளிக்கு ஒன்றுமாகப் பல விகிதங்கள் வேண்டுமென்று விடாது வற்புறுத்தியவர், செவெனுக்கு வடக்கேயுள்ள சேந்த் எத்தியேன் நகரத்துப் போல் த விவி. 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட இவர் (1853-1930) முன்னர்ப் பட்டு வாணிகம் செய்தவர். 1887-ல் சைக்கிளுக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அக்காலத்தவரிற் பலர் விகிதம் மாற்றுதலைக் கிழவர்க்குரிய சௌகரியம் என இகழ்ந்தனர். பிரான்சைச் சுற்றும் பெரும்பந்தயத்தில் செயினைப் பல் மாற்றும் கருவிக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் வெலோசியோ இறந்து ஏழாண்டாயிற்று!

வழியின் தன்மையை அறியக் கல்லின் தன்மையை அறிதல்வேண்டும். லோசேர் மலை 1,699 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. கருங்கல் சிதைந்து பருமணலாவதால் மழைநீர் விரைவில் வடியும், வழி உறுதியாயிருக்கும். மேற்கே தார்ன் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கிற்கு அப்பால் மெழான் என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் உளது. அங்கே வெண்சரளை கண்ணைக் கூசும், நிழலோ நீரோ அரிது. தெற்கேயுள்ள பள்ளத்தாக்குகளில் பலகைபோற் பிளக்கும் அடுக்குக்கல். அதன் விளிம்பு கத்திபோன்றது. டயரின் பக்கத்தைக் கிழித்துவிடும். ஒரே நாளில் மூன்று நிலமும் கடக்கக்கூடும். இரயில் சென்ற வழியும் ஒன்றுண்டு: பிளோராக் ஊருக்கு 1909-ல் அமைத்து 1968-ல் மூடிய சிறிய இருப்புப்பாதையின் தடத்தில் இன்று ஒரு பகுதியிற் சைக்கிளும் நடையரும் செல்கின்றனர். ஸ்டீவன்சன் என்னும் ஆங்கில நூலாசிரியர் 1878-ல் ஒரு கழுதையோடு பன்னிரண்டு நாள் நடந்த வழியும் இம்மலைகளூடே செல்வதே.

மந்தைகாக்கும் பெரிய வெண்ணிற நாய்கள் எதிர்ப்பட்டால் விரைந்தோடலாகாது. இறங்கி, சைக்கிளை நடுவே நிறுத்தி, மந்தையைச் சுற்றி மெல்ல நடத்தலே முறை. இலையுதிர்காலத்திற் கடற்காற்று மலையில் மோதி ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேலும் மழை பொழிவதுண்டு. அந்நாளில் ஓடை கடக்கும் வழிகளை நாடுதல் தற்கொலையே.

கடைசியாக, இவ்வழிகள் நிலைபெறுமா என்பது வினா. பிரான்சின் சட்டப்படி இந்நாட்டுவழிகள் அவ்வூர் மன்றத்தின் தனியுடைமை. ஆயினும் பொதுமக்கள் வழங்குதற்குரியன. பொதுமக்கள் வழங்காதொழிந்தால் மன்றம் விற்றுவிடலாம். அண்டை நிலத்தார் வேலியிட்டு முப்பதாண்டு தமதாக அனுபவித்தால் உரிமையும் அவர்க்காகலாம். ஆதலின் நடப்போரும் சைக்கிளோட்டுவோரும் பதிக்கும் தடமே வழி உயிரோடிருத்தற்குச் சான்றாகின்றது. 2022-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தன் வழிகளைக் கணக்கெடுக்கத் தீர்மானிக்கும் ஊர்மன்றத்திற்கு இரண்டாண்டுவரை அம்முப்பதாண்டுக் கணக்கை நிறுத்திவைக்கும் உரிமையளித்தது. கணக்கெடுப்போர் நெப்போலியன் காலத்து நில அளவைப் படங்களை விரித்து, முட்புதரில் மறைந்த வழிகளைத் தேடிச் செல்லுகின்றனர்.