பனங்கட்டியும் தேயிலை வேரும்

யாழ்ப்பாணம் போய்வந்த நம்மவர்கள் பனங்கட்டிக் குட்டான் வாங்காமல் திரும்புவதில்லை. அந்த இனிப்பு பனைக்கு எங்கிருந்து வருகிறது? "வேர் உறிஞ்சுது" என்றுதான் பலர் சொல்வார்கள். அப்படியானால் மண்ணிலுள்ள தண்ணி இனிக்க வேண்டுமே! யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி. அங்குள்ள வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். பல கிணறுகளில் தண்ணீர் உவர்.

மரத்துக்குள் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று தண்ணீர்ப் பாதை. வேர் எடுக்கும் தண்ணீரும் அதில் கரைந்த உரச்சத்தும் நுண்ணிய குழாய்களில் மேலே போகும். பம்பு கிடையாது. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகப் போக, அந்த இழுப்பில் கீழேயுள்ளது அறுபடாமல் ஏறுகிறது.

மற்றது சாப்பாட்டுப் பாதை. இலை வெயிலில் சமைத்த சர்க்கரை வேருக்கும் பூவுக்கும் காய்க்கும் இதில்தான் போகும். பனம்பாளையைத் தட்டிப் பதமாக்கி நுனியைச் சீவினால் சொட்டுவது இந்தச் சர்க்கரைநீர். நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். (கள்ளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்!)

பனையில் இந்த இரண்டு பாதைகளும் தண்டு முழுக்க நார் நாராகப் பரவியிருக்கும். தேயிலை, கொய்யா அப்படியல்ல. தண்ணீர் கட்டைக்குள் ஏறும், சாப்பாடு பட்டையின் உட்புறமாக இறங்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மல்பீகி பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். வெட்டுக்கு மேற்பக்கம் வீங்கியது.

லயத்து முற்றத்திலும் இதைப் பார்க்கலாம். உடுப்புக் காயப்போடக் கொய்யாவில் கட்டின கம்பி, மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கும், மேலே வீங்கும். தண்ணீர் ஏறுவதால் இலை பச்சையாகவே இருக்கும். ஆனால் வேர் பட்டினி. வேர் செத்த பிறகுதான் இலை வாடும், அப்போது எத்தனை வாளி ஊற்றியும் பயனில்லை. கம்பியை இன்றைக்கே தளர்த்திவிடுங்கள்.

இனி கவ்வாத்து. இலை போன தேயிலைக்குச் சமைக்க வழியில்லை. வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளைத் தின்றுதான் துளிர் விடும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் விட்டுப் பார்ப்பது. கருநீலமானால் மாப்பொருள் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடிக்கு ஓய்வு விட வேண்டும். "எங்க பேரு குறையுதே" என்று பெண்கள் கேட்பது நியாயம்தான். அந்த வாரங்களில் வேறு வேலை தரும்படி துரையிடம் கேளுங்கள். ஓய்வு மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெறும் வேரோடு வெட்டின செடி பட்டுப்போனால், புதுக்கன்று நட்டு அது கொழுந்து தர வருஷக்கணக்காகும்.