பம்பு செட் அறைக்கு மெயின் பிரேக்கர் எத்தனை ஆம்பியர்?

கிணற்று மோட்டார் அறையில் பழைய மரப் பலகையையும் பீங்கான் பியூஸ் கட்டைகளையும் கழற்றிவிட்டு, புதிய பெட்டியில் எம்.சி.பி. பிரேக்கர் பொருத்தும் விவசாயிகள் கடையில் கேட்பது, "பெரிசா ஒண்ணு குடுங்க, அடிக்கடி விழக்கூடாது" என்பதுதான். கடைக்காரரும் 63 ஆம்பியரை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இது தவறு.

5 குதிரைத் திறன் மும்முனை மோனோபிளாக் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர்த் தகட்டில் சுமார் 7.5 ஆம்பியர் என்றிருக்கும். நீர்மூழ்கி மோட்டாராயின் சற்றுக் கூடுதலாகும். தகட்டில் உள்ளதையே கணக்கில் கொள்ளவேண்டும். நேரடி ஸ்டார்ட்டரில் போடும்போது ஓரிரு விநாடிகளுக்கு ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். 'சி' வகை பிரேக்கர் தன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு வந்தால்தான் உடனே விழும். 10 ஆம்பியர் பிரேக்கர் 50-லேயே விழக்கூடும். மோட்டார் போடும்போதெல்லாம் தொல்லை. 16 ஆம்பியர் என்றால் 80 வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே 16 போதுமானது.

63 போட்டால் என்ன ஆகும்? பேரிங் இறுகியோ மணல் அடைத்தோ மோட்டார் சுழலாமல் நின்றுவிட்டால், அந்த 45 ஆம்பியர் நிற்காமல் பாய்ந்துகொண்டே இருக்கும். 63 ஆம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரணச் சுமை. சுருள் கருகும் வரை அது அசையாது. மெயினுக்குப் பின்னால் உள்ள கம்பியும் அப்படித்தான். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு 16 ஆம்பியர் பாதுகாப்பான அளவு. 63 என்றால் பிரேக்கருக்கு முன் கம்பிதான் உருகும். அலுமினியக் கம்பியானால் இன்னும் கவனம் தேவை.

மூன்று முனைக்கும் தனித்தனி ஒற்றை பிரேக்கர் வாங்கிப் பொருத்துவோரும் உண்டு; விலை குறைவு என்பார்கள். ஒன்று மட்டும் விழுந்தால் மோட்டார் இரண்டு முனையில் முனகிக்கொண்டு ஓடும். மூன்றும் ஒன்றாக விழும் மும்முனை பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள்.

சரியான பிரேக்கர் போட்டாயிற்று என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். ஒரு முனை மின்சாரம் போய்விட்டால் 7.5 ஆம்பியர் மோட்டார் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு விழாது. லைன் கோடியில் 350 வோல்ட்டுக்கு இறங்கும்போதும் 9 ஆம்பியர் ஓடும், அதற்கும் விழாது. இவற்றைக் கவனிக்க வேண்டியவை ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயும் ஒற்றை முனைத் தடுப்பானும். ரிலே முள்ளை தகட்டு அளவான 7.5-ல் வையுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுருளோடு இணைந்திருந்தால் தகட்டு அளவில் 58 சதம். 11 ஆம்பியர் கொண்ட 7.5 குதிரைத் திறன் மோட்டாருக்கு 6.4 வரும். பல அறைகளில் நான் பார்த்தவரை இந்த முள் கடைசி அளவில்தான் நிற்கிறது. ரிலே அடிக்கடி விழுந்தால் முள்ளை ஏற்றாமல், மின்னழுத்தத்தை முதலில் அளந்து பாருங்கள்.

அறை விளக்குக்குத் தனியாக 6 ஆம்பியர் பிரேக்கர் வைக்கவேண்டும். பெட்டியை மாற்றும் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விடுங்கள். கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்துவது மின்வாரிய ஊழியரின் வேலை.