மெசினை வெளியில் வை

பரந்தன்
ஐப்பசி

அன்புள்ள மருமகனுக்கு,



பெற்றோலிலும் சமையல் காஸிலும் ஓடுகிற ஜெனரேற்றர் ஒன்றைச் சித்தி கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறா என்று அக்கா சொன்னா. மாரிக்கு முன்னம் வந்தது நல்லது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்ததும், 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதும் உனக்குத் தெரியும். ஐஸ்பெட்டி வைத்துக் கடை நடத்துகிறவனுக்கு மெசின் வேண்டும்தான்.

இரண்டு எரிபொருளில் ஒரு மெசினை ஓட்டுவது வன்னிக்குப் புதிதல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் ஓட்டினோம். வேறு வழியில்லாமல் பழகிய வித்தை அது. அந்தத் துணிச்சலை இப்போது காட்டத் தேவையில்லை.

முதலில் மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசி. கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். எங்களது 230 வோல்ற், 50 ஹேட்ஸ். பொருந்தாவிட்டால் ஐஸ்பெட்டியின் மோட்டர் கருகக்கூடும்.

பொருள் போனால் வாங்கலாம். உயிரை எடுப்பது புகை. அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலையிடியும் சத்தியும் வரும். நித்திரையில் இருப்பவன் எழும்பவே மாட்டான். காஸில் ஓட்டினாலும் இந்த நஞ்சு வரும். கிணற்றுக்குள் பம்பை இறக்கி ஓட்டி, பார்க்க இறங்கியவனும் தூக்க இறங்கியவனும் சேர்ந்து செத்த கதை எங்கள் நாட்டில் உண்டு. அமெரிக்காவில் 2020இல் லாரா சூறாவளி லூசியானாவைத் தாக்கியபோது, முதலில் எண்ணிய சாவுகளில் பாதிக்கு மேல் ஜெனரேற்றர் புகையால் வந்தவை. ஆகவே விறாந்தையிலோ கடையின் பின்னறையிலோ வைக்காதே. யன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. கதவு யன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பாராமல் இருக்கட்டும். மழைக்கு நாலு கம்பு நட்டுத் தகரம் போடு, பக்கம் அடைக்காதே.

காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். வளவிலிருக்கும் பழைய பங்கர்க் குழிக்குக் கிட்ட சிலிண்டரை வைக்காதே. 2021 கடைசியில் நாடெங்கும் குசினிகளில் காஸ் வெடித்ததை மறந்திருக்க மாட்டாய். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும். பூட்டியதும் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார். குமிழி வந்தால் ஓட்டாதே. கனடா றெகுலேற்றர் எங்கள் சிலிண்டருக்குப் பொருந்தாவிட்டால் ரியூப் சுற்றிக் கட்டாமல், தெரிந்தவரைக் கொண்டு சரியானதைப் போடு. பெற்றோலில் இருந்து காஸுக்கு மாற்றும்போது பெற்றோல் திறப்பைப் பூட்டி, காபரேற்றரில் உள்ளது எரிந்து முடியவிடு. காஸில் வலு கொஞ்சம் குறையும், பாரத்தைக் குறை. பெற்றோல் விடுவதென்றால் மெசினை நிற்பாட்டி, ஆறவிட்டு விடு.

கடைசியாக ஒன்று. இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரால் சுவர்ப் பொயின்றுக்குள் கரண்ட் ஏற்றும் வேலையைச் சிலர் காட்டித்தருவார்கள். அந்தக் கரண்ட் வெளி லைனுக்குப் போகும். றான்ஸ்போமர் அதை ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்த்தும். புயலடித்த அடுத்தநாள் கம்பத்தில் ஏறி நிற்கும் கரண்ட் வேலைக்காரப் பிள்ளையை நீ கொன்றவனாவாய். வீட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்றால், அனுமதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு மாற்றுச் சுவிச் போடு. அதுவரை மெசினிலிருந்து ஐஸ்பெட்டிக்கு நேரடியாகத் தடித்த வயர் இழு.

இவ்வளவையும் மருமகளுக்கும் காட்டிக்கொடு. நீ இல்லாத இரவில் மெசினைத் தொடப்போவது அவள்தான்.

அன்புடன்,
மாமா