சோதித்துப் பார்த்து வாங்கட்டும்!

கொழும்பு - கண்டி வீதியில் பிலிமத்தலாவையைக் கடப்பவர்கள் பாதையோரப் பித்தளைக் கடைகளை நன்கறிவர். விளக்கொன்றை வாங்குபவர் அதைக் கையில் தூக்கிப் பாரம் பார்க்கலாம். காந்தமொன்றை வைத்தும் பார்க்கலாம். பித்தளையில் காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். ஆனால் பாவித்துப் பார்த்தால் மாத்திரமே தரம் புரியும் பொருட்களும் உண்டு. அவற்றை விற்பவர் என்ன செய்வது?

வில்வித்தைச் சாமான்கள் இதற்கு நல்ல உதாரணம். வில்லின் இழுவிசையை இராத்தலில் குறிப்பர். நாணை 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள விசையே அந்தக் கணக்கு. கை நீளமானவர் 30 அங்குலம் இழுத்தால், 30 இராத்தல் வில் அவருக்குச் சுமார் 34 இராத்தலாகிவிடும். அம்பின் விறைப்பும் வில்லுக்குப் பொருந்த வேண்டும். வலது கைக்காரர் சிலருக்கு இடது கண்ணே குறிபார்க்கும் கண்ணாக இருக்கும். ஆக, வில்லில் எழுதியிருப்பது உண்மையானாலும் வாங்குபவருக்கு அது பொருந்தாமல் போகலாம். இதனாலேயே இத்துறையின் நல்ல கடைகள் எய்து பார்க்க இடம் வைத்திருக்கின்றன. அங்கும் நிபந்தனை உண்டு. அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் வில் முறியலாம். எனவே கடைக்காரர் பக்கத்தில் நின்றே சோதிக்க விடுவார்.

இது நமக்குப் புதிய விடயமல்ல. வியாபாரத்தை உறுதிப்படுத்தவோ முறிக்கவோ உள்ள உரிமையை இஸ்லாமிய சட்டம் 'கியார்' என்கிறது. இருவரும் பிரியும் வரை உள்ள உரிமை ஒன்று. குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை மற்றொன்று. தவணை பேசி வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அது மூன்று நாட்களைத் தாண்டாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டறிந்த நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட சம்பவம் நாமறிந்ததே.

நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, 'பிடித்தால் எடுக்கிறேன்' என்று கொண்டு சென்றவர் மறுப்புத் தெரிவிக்காமல் குறித்த தவணையைத் தாண்டினால் பொருள் அவருடையதாகிவிடும். தவணை குறிக்காவிட்டால் 'நியாயமான காலம்' எது என்பதிலேயே தகராறு வரும்.

எனவே வியாபாரிகள் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. சோதனைக்கென ஒரு பொருளைத் தனியாக ஒதுக்குங்கள். பின்னர் விற்றால் பாவித்தது என்று சொல்லி விற்க வேண்டும்.

2. வீட்டுக்குக் கொடுத்தால் திருப்பித் தரும் திகதியைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்.

3. சேதமானால் யார் பொறுப்பு, முற்பணம் எப்போது திரும்பும் என்பதை முதலிலேயே பேசுங்கள்.

4. தெரிந்த குறையை வாடிக்கையாளர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

செலவு அதிகமென நினைக்கலாம். 10,000 ரூபா பொருளைச் சோதனைக்கு ஒதுக்கினால், ஒரு விற்பனையில் 2,500 ரூபா இலாபம் பெறுபவருக்கு மேலதிகமாக நான்கு பேர் வாங்கினாலே அது ஈடாகிவிடும். பொருந்தாத பொருளோடு வீடு சென்றவர் திரும்பி வரமாட்டார். அந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை. உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தும் வியாபாரத்திலேயே பரக்கத் உண்டு என்பதை மறவாதிருப்போம்.