கடல் அடித்ததும் கடல் அரித்ததும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்தில் கட்டியிருந்த என் விசைப்படகின் மேல் பக்கத்துப் படகு மோதியதில் பலகை பிளந்துபோனது. பாலிசியில் இருந்த பிடித்தம் போக மீதிப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது. பிரீமியம் கட்டியிருந்தால் எது நடந்தாலும் பணம் வந்துவிடும் என்று அன்றிலிருந்து நம்பினேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மார்ச் மாத விடியற்காலை டிரைவர் போன் செய்தார். "அண்ணே, போட்டுல தண்ணி ஏறி எஞ்சின் முங்கிக் கெடக்கு." காற்றும் இல்லை, மழையும் இல்லை.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்தார். ஷாஃப்ட் வெளியே போகும் துளையில் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் கிளாண்ட் கயிற்றை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். கிரீஸ் பிசுக்கே இல்லாமல் இற்றுப்போய், அவர் உள்ளங்கையில் நார் நாராக உதிர்ந்தது. "இத எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். டிரைவர் இரண்டு தடவை சொல்லியும், மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். தேய்மானம் என்று காரணம் காட்டி என் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். எஞ்சின் வேலைக்கான ஒன்றரை லட்சமும் என் கையிலிருந்து போனது.

அதன்பிறகுதான் பாலிசியை முழுக்கப் படித்தேன். 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. பாலிசியில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, வழக்கமான தேய்மானம், வழக்கமான கசிவு, எலி கடித்த சேதம் எதற்கும் நிறுவனம் பொறுப்பில்லை. எஞ்சின் பழுதும் கடல் ஆபத்தால் வந்ததாக இருக்க வேண்டும். கடல் ஒரே நாளில் அடித்த அடிக்குத்தான் காப்பீடு. தினம் தினம் அரிப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் படகுக்காரர்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

• படகு முழுவதும் போனால்தான் பணமா, பகுதிச் சேதத்துக்கும் உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பிரீமியம் குறைவாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

• கண்ணுக்குத் தெரியாத உற்பத்திக் குறையால் ஒரு பாகம் உடைந்தால், அதனால் மற்றவற்றுக்கு வந்த சேதத்தைச் சில பாலிசிகள் ஏற்கும். உடைந்த பாகத்தின் விலை பெரும்பாலும் கிடைக்காது.

• நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கரையேற்றியிருக்கும்போதே கிளாண்ட் கயிறு, ஹோஸ், கிளிப், வால்வு எல்லாவற்றையும் பாருங்கள். மாற்றியதற்கான பில்லும் தேதியுள்ள போட்டோவும் பத்திரமாக இருக்கட்டும். பழுதைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று யாராவது சொன்னால் காட்ட அவைதான் சாட்சி.

• விபத்து நடந்தால் முதலில் தண்ணீரை இறைத்து, சேதம் கூடாமல் தடுங்கள். அது சட்டப்படியே நம் கடமை. நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைச் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப்போடாதீர்கள்.

இப்போதெல்லாம் டிரைவர் "அண்ணே, கயிறு" என்றால், தடைக்காலத்துக்குக் காத்திருப்பதில்லை. அந்த வாரமே மாற்றிவிடுகிறோம்.