பனிக்கட்டி ஸ்தூபி

லடாக் இமயமலையில் உள்ளது. அங்கே மழை மிகக் குறைவு. லே நகரில் ஓர் ஆண்டு முழுவதும் சுமார் 10 சென்டிமீட்டர் மழைதான் பெய்யும். அப்படியானால் பயிர் எப்படி விளைகிறது? மலை உச்சியில் பனி உறைந்து கிடக்கிறது. கோடையில் அது உருகி ஓடையாக வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் பார்லியும் கோதுமையும் விளைகின்றன.

இப்போது பூமி சூடாகி வருகிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கிறோம் அல்லவா? அதில் வரும் கரியமில வாயு வெப்பத்தைப் போர்வை போலப் பிடித்து வைக்கிறது. மலைப் பனி குறைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விதைக்க வேண்டும். அப்போது ஓடையில் தண்ணீர் போதவில்லை.

சோனம் வாங்சுக் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர். அவர் ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் ஓடைத் தண்ணீர் வீணாகப் போகிறது. அதை மேட்டிலிருந்து குழாயில் கீழே கொண்டு வந்தார். குழாயின் முனையை நிமிர்த்தி வைத்தார். மோட்டார் இல்லாமலே தண்ணீர் மேலே பீச்சியது. கடுங்குளிரில் அது விழும்போதே உறைந்தது. கூம்பு போல உயர்ந்தது. கூம்பின் மேல் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெதுவாக உருகும். விதைக்கும் காலத்தில் தண்ணீர் தரும்.

பார்க்க பௌத்தர்களின் ஸ்தூபி போலவே இருந்தது. பெயரும் 'பனி ஸ்தூபி' என்றே ஆனது. ஃபியாங் ஊரின் புத்த மடம் இந்த வேலைக்குத் துணை நின்றது. அங்கே மரக்கன்றுகளும் நட்டார்கள். வெறும் தண்ணீர்த் தொட்டி என்று பெயர் வைத்திருந்தால் இத்தனை கைகள் சேர்ந்திருக்குமா? சந்தேகம்தான். ஆனால் ஒன்று: போன மலைப் பனியை இந்த ஸ்தூபி திருப்பித் தராது.

பஞ்சாபுக்கு வருவோம். 2019இல் குரு நானக்கின் 550ஆவது பிறந்த ஆண்டு விழா வந்தது. அதை ஒட்டி ஈகோசிக் என்ற சீக்கியர் அமைப்பு சிறு காடுகளை வளர்க்கத் தொடங்கியது. ஒரு காட்டுக்கு 550 மரங்கள்.

2015இல் போப் பிரான்சிஸ் ஒரு நீண்ட மடல் எழுதினார். வெப்பத்தால் முதலில் அடிபடுபவர்கள் ஏழைகள் என்றார். அதே ஆண்டு இஸ்தான்புல் நகரில் முஸ்லிம் அறிஞர்கள் கூடினார்கள். பணக்கார நாடுகளும் எண்ணெய் எடுக்கும் நாடுகளும் வழி காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். எண்ணெய் எடுக்கும் நாடுகள் பலவும் முஸ்லிம் நாடுகளே. அதனால் அது துணிச்சலான பேச்சு.

கலந்து பேசுங்கள்: உங்கள் ஊர்க் கோயில், மசூதி, தேவாலயத்தைச் சேர்ந்த குளம், தோப்பு உண்டா? இன்று அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?