பிரிக்காத தையல்

அமெரிக்க ராணுவ ஓவர்கோட் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த டிவிஷன் பேட்ச்?" விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எந்த ராணுவப் பொருள் சந்தைக்குப் போனாலும் 101ஆவது ஏர்போர்னின் கழுகுத் தலை தைத்த கோட்டுகள் கண்ணில் படும் இடத்திலேயே தொங்குகின்றன. பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த பிறகு எனக்குத் தொற்றிக்கொண்ட ஆர்வம் இது. என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது: பேட்சைக் கடைசியில் பாருங்கள். முதலில் உள்பாக்கெட்டில் கையை விடுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலச் சிப்பாயின் ஓவர்கோட் கெஜத்துக்கு 32 அவுன்ஸ் எடையுள்ள மெல்டன் கம்பளியில் தைத்தது. கையில் எடுத்த உடனே கனம் தெரியும். உள்பாக்கெட்டில் ஒரு லேபிள் இருக்கும். 38ஆர் என்பது போல அளவு, தைத்துக் கொடுத்த நிறுவனம், ஒப்பந்த எண், தேதி, பெரும்பாலும் பிலடெல்பியா குவார்ட்டர்மாஸ்டர் டிப்போவின் பெயர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்தத் தேதி ஒப்பந்தம் போட்ட தேதி. 1942 என்று இருந்தால், கோட் தயாராகி ஒரு சிப்பாயின் தோளில் ஏறியது 1943 ஆகவும் இருக்கலாம். ஒப்பந்த எண் டிஎஸ்ஏ என்று தொடங்கினால் விற்பவர் என்ன கதை சொன்னாலும் அது உலகப் போர்க் கோட் அல்ல. டிஃபென்ஸ் சப்ளை ஏஜென்சி என்ற அந்த அமைப்பே 1961இல்தான் உருவானது. டிஎஸ்ஏ 100-67 என்று இருந்தால் அந்த 67 ஆண்டைக் குறிக்கிறது. அறுபதுகளின் கோட்டும் சேர்க்கத் தகுந்ததுதான். அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பொத்தான். போருக்கு முந்தைய கோட்டுகளில் கழுகு பொறித்த பித்தளைப் பொத்தான்கள். 1942இல் பித்தளை போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால் சிப்பாய்க் கோட்டுகளுக்கு ஆலிவ் நிறப் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. பிளாஸ்டிக் பொத்தான் பார்வைக்கு எடுப்பாக இருக்காது என்று அதை அறுத்துவிட்டுப் பித்தளை தைத்து விற்பவர்கள் உண்டு. லேபிளில் 1943, முன்பக்கம் பளபளக்கும் பித்தளை என்றால் பொத்தான் தைத்த நூலை உற்றுப் பாருங்கள். எல்லாப் பொத்தானிலும் புது நூல் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பொத்தானின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரி நகரில் இயங்கிய ஸ்கோவில், வாட்டர்பரி ஆகிய நிறுவனங்களின் பெயர்கள் அடிக்கடி தென்படும்.

இப்போது பேட்சுக்கு வரலாம். போர்க்காலப் பேட்ச் பருத்தி நூலால் எந்திரத்தில் பூவேலை செய்து, விளிம்பில் வெறுமனே வெட்டியது. இன்று நாம் எங்கும் பார்க்கிற, கயிறு சுற்றியது போலத் தடித்த விளிம்பு 1960களில்தான் பரவலானது. அந்தத் தடித்த விளிம்போடு இருக்கும் பேட்சை 1944 என்று யாராவது சொன்னால் மேலே பேச வேண்டியதே இல்லை. புற ஊதா விளக்கு எல்லோரும் சொல்லும் சோதனை. செயற்கை இழையும் நவீன வெண்மையூட்டிகளும் அந்த ஒளியில் பளிச்சென்று மின்னும். ஆனால் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்த அசல் பேட்சும் மின்னும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் அதிகம் நம்புவது பேட்சை கோட்டோடு சேர்த்துத் தைத்த நூலைத்தான். தானாகப் பிரிந்து நிற்கும் நுனி ஒன்று கிடைத்தால், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு அதில் ஒரு துளி எடுத்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி, தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். பாலியெஸ்டர் நூல் போர்க்காலத்தில் புழக்கத்தில் இல்லை. அப்படித் தைத்தவர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவின் கோட்டில் தொங்கிய பேட்சை மகள் அக்கறையோடு மறுபடி தைத்திருக்கலாம்.

கோணல்மாணலாக இருப்பதெல்லாம் போலி என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்த படையினர் உள்ளூர்க் கைவினைஞர்களிடமே பேட்ச் செய்துகொண்டார்கள். சீனா-பர்மா-இந்தியா போர்முனைக்கு என்று ஒரு கேடயச் சின்னம் உண்டு. மேலே நீலத்தில் சீனத்துச் சூரியனும் இந்தியாவின் நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைப் பட்டைகள். அதை நம் நாட்டுக் கடைத்தெருக்களில் ஜரிகை வேலைக்காரர்கள் கையால் செய்து கொடுத்தார்கள். ஒன்று போல இன்னொன்று இருக்காது. அமெரிக்க ஆலையில் வந்த சீரான பேட்சைவிட இவற்றின் மீது எனக்குப் பிரியம் அதிகம்.

புகழ்பெற்ற போர் டிவிஷன்களின் பேட்சுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 1944 குளிர்காலத்தில், ஆர்டென்ஸ் காடுகளில் இந்தக் கோட் பனியையும் சேற்றையும் உறிஞ்சிக்கொண்டு சுமக்க முடியாத பாரமானது. கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்தவர்கள் உண்டு, முழுக் கோட்டையுமே கழற்றிப் போட்டுவிட்டு நடந்தவர்கள் உண்டு. முன்னணியில் கிழிந்து மக்கியவை நம்மிடம் வரவில்லை. முழுமையாகத் தப்பி வந்தவற்றில் பெரும்பகுதி முகாம்களிலும் கிடங்குகளிலும் ரயில்களிலும் உழைத்தவை, அல்லது ஊர் திரும்பும்போது போட்டு வந்தவை. ஆகவே சாதாரணப் பேட்ச் தாங்கிய கோட்டில்தான் பெரும்பாலும் உண்மை இருக்கிறது.

என்னிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததன் இடது தோளில் ஆர்மி சர்வீஸ் ஃபோர்சஸ் பேட்ச் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் நீல நட்சத்திரம், சுற்றிலும் சிவப்பு விளிம்பு. சந்தையில் கூடையில் கொட்டி விற்பார்கள், அவ்வளவு மலிவு. அதன் விளிம்பு வட்டமாக இல்லாமல் இதழ் இதழாக வளைந்திருக்கும். என் கோட்டில் இரண்டு இதழ்கள் சந்திக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பளி ஒரு சாயல் கூடுதல் கருமையாக இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கரும்பகுதியின் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் ஒரே வளைவில் ஓடுகின்றன. இந்தப் பேட்சுக்கு முன்னால் அங்கே வட்டமான வேறொரு பேட்ச் இருந்து, வெயிலை மறைத்திருக்கிறது. மனிதர் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். கையில் இரண்டு பட்டையும் கீழே டி என்ற எழுத்தும். 1942இல் வந்த டெக்னீஷியன் தரம் அது. பேட்சைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு தையலைப் பிரித்திருந்தால் இதில் பாதி போயிருக்கும்.

உள்பாக்கெட்டின் துணியில் அவருடைய சர்வீஸ் எண்ணும் மையில் எழுதியிருந்தது. வழக்கமாகப் பெயரின் முதலெழுத்தும் கடைசி நான்கு இலக்கங்களும்தான் சலவைக் குறியாக இருக்கும். இங்கே முழு எண்ணும் கிடைத்தது என் நல்லகாலம். 33 என்று தொடங்கியது. முதல் 3 கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டவர் என்பதைக் காட்டும். இரண்டாவது இலக்கம் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா அடங்கிய பகுதியைக் காட்டும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், போர்க்காலத்தில் தரைப்படையில் சேர்ந்தவர்களின் துளை அட்டைகளிலிருந்து ஏறக்குறைய 90 லட்சம் பதிவுகளைத் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. எண்ணை இட்டதும் பிறந்த ஆண்டு, கவுண்டி, படிப்பு, தொழில் எல்லாம் ஒரே வரியில் வந்தன. பள்ளிப் படிப்போடு நிறுத்தி, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

இதற்கு மேல் தேடுவது கடினம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் தொடங்கி 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போய்விட்டது. பலருக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்றுகளில் இப்படிப் பாக்கெட்டில் எழுதிய எண்ணும் ஒன்று. அதனால்தான் பேட்சைத் தனியாகவும் பொத்தானைத் தனியாகவும் பிரித்து விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

முதல் உலகப் போர்க் கோட் கிடைத்தால் இடது மேல்கையில் சிவப்பு வி-வடிவப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கூர்முனை மேலே நோக்கியிருக்கும். ராணுவத்திலிருந்து முறைப்படி விடுபட்டவர் என்பதற்கு அடையாளம் அது. இடது மணிக்கட்டருகே உள்ள தங்கநிறப் பட்டை ஒவ்வொன்றும் ஆறு மாத வெளிநாட்டுப் பணி. வலது மணிக்கட்டருகே இருந்தால் காயம்.

பராமரிப்பில் எதிரி அந்துப்பூச்சிதான். புதிதாக வந்த எதையும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, வீட்டு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் கம்பளியில் படியும். கம்பி ஹேங்கரில் மாட்டினால் கோட்டின் சொந்தக் கனமே தோள் தையலை இழுத்துவிடும். முடிந்தால் அமிலமற்ற தாள் விரித்துப் படுக்கையாக வையுங்கள். பொத்தான் மங்கியிருந்தால் இருக்கட்டும். மெருகுக் குழம்பு கழுகின் இறகுகளைத் தேய்ப்பதோடு சுற்றியுள்ள கம்பளியிலும் வெண்கறை விடும்.

வாங்கும்போதே விற்பவரிடம் எங்கிருந்து வந்தது, யாருடையது, குடும்பம் என்ன சொன்னது என்று கேட்டு, ஒரு அமிலமற்ற தாளில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள். நாளை கார்லைலில் உள்ள ராணுவப் பாரம்பரிய மையம் போன்ற இடத்துக்குக் கொடுக்க விரும்பினாலும் இந்த விவரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் துணியில் இறங்கிவிடும்.